எட்டாம் நம்பர் பூட்ஸ்

ஸ்கேலுக்கு ஆட்களின் முகம் ஞாபகம் இருப்பதில்லை. காலர் ஞாபகம் இருக்கும். தெருவில் யாராவது எதிரே வந்து, "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டால், அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் நூலில் ஊசலாடுவதைத்தான் முதலில் பார்ப்பாள். அவர் யார், என்ன உறவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு, மனசு இருந்தால்.

பதினேழு வயது. பள்ளியின் பெண்கள் கேடட் படையில் அவள்தான் மூத்தவள். சட்டைப் பையில் பதினைந்து சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். மடித்த சட்டைக் கை முழங்கைக்கு மேல் எவ்வளவு தள்ளி நிற்கிறது, தொப்பியின் விளிம்பு புருவத்திலிருந்து எவ்வளவு உயரம், ஷூ லேஸின் முனை வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதை வைத்து அளப்பாள். 'ஸ்கேல்' என்ற பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. மற்றவர்களுக்குக் கிடைத்திருந்த பெயர்களோடு ஒப்பிட்டால் இது மெடல் மாதிரிதான்.

அவள் மதிக்கும் ஆள் என்று அந்தப் பள்ளியில் யாரும் கிடையாது. படைக்குப் பொறுப்பு கணக்கு சார். சீருடை போட்டால் பெல்ட் வயிற்றுக்கு மேலே இருப்பதா கீழே இருப்பதா என்று அவருக்கே ஒரு முடிவு கிடையாது. காலை அணிவகுப்பில் மேலே இருக்கும், பத்து மணிக்குள் கீழே இறங்கியிருக்கும். பெல்ட்டின் பித்தளைப் பக்கிளை அவர் பாலிஷ் போட்டதே இல்லை. கேட்டால், "பித்தளை தங்கமா ஆகப்போகுதாம்மா?" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார். ஸ்கேல் சிரிக்க மாட்டாள். பக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றுபோகும்.

படையில் மீதி இருந்த முப்பத்தொரு பெண்களும் அவள் கணக்கில் கோணிப்பைகள். ஒருத்திக்குத் தொப்பி தலையில் தோசைக்கல் மாதிரி தட்டையாக உட்காரும். ஒருத்தி கால்சட்டைக்கு இஸ்திரி போட்டால் ஒரே காலில் இரண்டு மடிப்புக்கோடு விழும், தண்டவாளம் மாதிரி. ஒருத்தியின் சீருடையை அவள் அம்மா துவைத்து, அம்மாவே இஸ்திரி போட்டு, அம்மாவே பொத்தானும் போட்டு அனுப்புவதாகக் கேள்வி. "உனக்குப் பதிலா உங்க அம்மாவையே பரேடுக்கு அனுப்பிடு, அவங்களாவது நேரா நிப்பாங்க" என்று வரிசைக்கு நடுவே ஸ்கேல் அவளிடம் சொன்னாள். அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஸ்கேல் வருகைப் பதிவேட்டில் ஒரு வாரத்துக்கும் சிவப்பு மையால் கோடு போட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கொடுமை. சீருடை விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. வீட்டில் அவள் காக்கிச் சட்டையை அம்மா தொடக்கூடாது. கஞ்சி போடுவது அவள்தான். திக்காகப் போட்டால் அட்டை, நீர்க்கப் போட்டால் துவண்டுபோன கீரைத்தண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது, அதை விரலில் தொட்டே கண்டுபிடிப்பாள். தோளிலிருந்து முழங்கை வரை கத்தி மாதிரி ஒரே கோடு. புதுத் தொப்பி வாங்கியபோது வெந்நீரில் முக்கி, பிழிந்து, ஈரத்தோடு தலையில் போட்டு, வலது காதுப் பக்கம் இழுத்துவிட்டு, அது காயும்வரை நாலு மணி நேரம் கழற்றவில்லை. அப்படியே சாப்பிட்டாள், அப்படியே பாடம் படித்தாள். காதோரம் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா, குழாயை யாரோ சரியா மூடலை பாரு," என்றான் அண்ணன், அவள் தலையைக் காட்டி.

"நீ முதல்ல உன் சட்டையை உள்ள விடு. அப்புறம் பேசு," என்றாள் ஸ்கேல்.

"வீட்டுக்குள்ளயா? தூங்கும்போதும் பெல்ட் போட்டுக்கணுமா?"

அவள் தொப்பியை இன்னும் கொஞ்சம் காதுப் பக்கம் இழுத்துவிட்டாள். அண்ணன் கல்லூரியில் படிக்கிறான். ஒரே பேன்ட்டை வாரம் முழுக்கப் போடுகிறவனிடம் என்ன பேச்சு.

சனிக்கிழமைதோறும் அணிவகுப்புக்கு முன்னால் அவள் மார்க் போடுவாள். ஆளுக்குப் பத்து. தொப்பி, சட்டை, பெல்ட், கால்சட்டை, பூட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு. நீல அட்டை போட்ட நோட்டு. கணக்கு சார் அதைத் திறந்து பார்க்காமலே அடியில் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டில் வருடம் முழுக்க நான்கைத் தாண்டாத ஒருத்தி இருந்தாள். அவளைத் தூங்குமூஞ்சி என்பார்கள்.

தூங்குமூஞ்சிக்குக் கண் இமை பிறவியிலேயே கொஞ்சம் தாழ்ந்திருக்கும். விழித்துக்கொண்டு நின்றாலும் இப்போதுதான் எழுப்பிவிட்டது மாதிரி இருப்பாள். பதினைந்து வயது, பொடி உருவம், பேச்சும் அதிகமில்லை. எதற்குக் கூப்பிட்டாலும் ஒரு நொடி தாமதித்துத்தான் "ஆங்" என்பாள். சட்டை சுத்தமாகத்தான் இருக்கும், பெல்ட்டும் பரவாயில்லை. ஆனால் நடக்க ஆரம்பித்தால் படையின் மானமே போய்விடும். மற்ற முப்பத்தொரு பேரின் கால் தரையில் 'டக்' என்றால் இவள் கால் மட்டும் 'சர்ரக்' என்று இழுக்கும். கடைசி வரிசையில் ஒளித்துவைத்தாலும் சத்தம் முன்னால் வந்துவிடும்.

"காலைத் தூக்கி வைக்கத் தெரியாதாடி உனக்கு?" என்று ஸ்கேல் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவாள். "குளிச்சிட்டு ஈரச் செருப்புல வர்ற மாதிரி இழுக்கிறே! பூட்ஸைப் பாரு, அதோட மூக்கு வானத்தைப் பார்த்துட்டு நிக்குது! பூட்ஸுக்குக் கூட உன்னைப் பார்க்கப் பிடிக்கலை!"

எல்லோரும் சிரிப்பார்கள். தூங்குமூஞ்சி ஒரு நொடி கழித்து, "ஆங்," என்பாள்.

பூட்ஸுக்கு அவளுக்கு வாரவாரம் கிடைத்தது பூஜ்யம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த பூட்ஸின் அளவு எட்டு. தூங்குமூஞ்சியின் கால் அளவு ஐந்து. அதை அவள் காலில் மாட்டிவிட்டதே ஸ்கேல்தான்.

ஸ்டோர் ரூம் சாவி ஸ்கேலிடம் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் சரிந்த கூரையோடு ஒரு அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பழைய பெல்ட் வாடையும் பாச்சை உருண்டை வாடையும் அடிக்கும். வருட ஆரம்பத்தில் புது பூட்ஸ் வந்தபோது அளவு ஐந்தில் இரண்டு ஜோடிதான் வந்தது. படையில் ஐந்து போடுகிறவர்களும் இரண்டே பேர், ஸ்கேலும் தூங்குமூஞ்சியும். ஆளுக்கு ஒன்று என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூடக் கணக்குப் போட்டிருக்கும். ஸ்கேல் வேறு கணக்குப் போட்டாள். தினமும் போட்டு நடக்க ஒரு ஜோடி, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குக் காட்ட ஒரு ஜோடி. போட்டு நடக்கிற பூட்ஸில் கண்ணாடி பாலிஷ் நிற்காது, கீறல் விழும். படையின் தலைவியாகப் போகிறவளின் காலில் கீறல் இருக்கலாமா?

"அஞ்சு ஸ்டாக் இல்லை," என்றாள் தூங்குமூஞ்சியிடம். "எட்டுதான் இருக்கு. வளர்ற கால்தானே, போட்டுக்கோ."

அவளுக்கு மனசு உறுத்தவில்லை. இருந்ததெல்லாம் அலட்சியம்தான். அந்தத் தூக்கக் கண்ணுக்குக் கீழே நல்ல பூட்ஸைக் கொடுத்து என்ன புண்ணியம், ஒரு மாதத்தில் நாசமாக்கிவிடுவாள் என்று நினைத்தாள். சாவியைத் திருப்பிப் பூட்டினாள். வாரங்கள் போகப் போக, பூட்ஸ் ஏன் இழுக்கிறது என்பது அவளுக்கே மறந்துவிட்டது. தன் கையால் செய்ததை மறந்துவிட்டு அதற்கே மார்க் குறைக்கிற அளவுக்கு ஒருத்தி நேர்மையாக இருந்தால் அவளை என்ன செய்வது!

காட்டுவதற்கான பூட்ஸ் வீட்டில், அவள் கட்டிலுக்கு அடியில், பழைய தலையணை உறைக்குள் இருந்தது. மாலையில் எடுத்து, பஞ்சை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, பாலிஷைத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பாள். ஒரு அடுக்கு காய்ந்ததும் அடுத்த அடுக்கு. பத்து மாதம். பூட்ஸ் மூக்கின் நுனியில் மட்டும் போட வேண்டிய கனத்த பாலிஷை அவள் மேலே, விரல் மடிகிற இடம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனாள். அதில் அவள் முகம் தெரிந்தது. மூக்கு கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது, அதை மன்னித்துவிட்டாள்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. வருடத்துக்கு ஒரு முறை தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். படையைப் பார்ப்பார், அடுத்த வருடத்துக்கான தலைவியின் கையில் கறுப்புக் கம்பைக் கொடுப்பார். கொடுத்தவுடன் அவள் படையை மைதானம் முழுக்க மூன்று சுற்று நடத்திக் காட்ட வேண்டும். ஸ்கேலுக்கு வேண்டியது அந்தக் கம்பு. பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தபோது அழாதவள், போன வருடம் அந்தக் கம்பு, பிறகு வேறு பள்ளிக்குப் போய்விட்ட ஒருத்தி கைக்குப் போனபோது கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்த வருடம் போட்டிக்கே ஆள் கிடையாது. நீல நோட்டில் பத்துக்குப் பத்து வாங்கியவள் அவள் ஒருத்திதான். போட்டதும் அவள்தான் என்பது வேறு விஷயம்.

காலையில் சாதாரண பூட்ஸைப் போட்டுக்கொண்டு, தலையணை உறையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தாள். முதல் வரிசையில் தன் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு செய்தித்தாளை விரித்து, நின்றபடி காலை மாற்றிக்கொண்டாள். கழற்றியதை உறைக்குள் போட்டு, பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்து வராந்தாப் படியில் வைக்கச் சொன்னாள். பிறகு பாதம் மடியாமல், பலகையில் நடக்கிற மாதிரி நாலு அடி வைத்து வந்து நின்றுவிட்டாள். கம்பு கைக்கு வரும்வரை இனி அசைய வேண்டியதில்லை. நிற்கிற கலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

வந்தது ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும், நரைத்த கொண்டை, ஒட்டிய கன்னம். ஸ்கேலின் கண் தானாக அந்த அதிகாரியின் உடம்பில் மேலிருந்து கீழே இறங்கியது. சட்டை வெளுத்திருந்தது. பெல்ட் சரியாக இருந்தது. பூட்ஸ் கறுப்பாக, சுத்தமாக இருந்தது, ஆனால் மின்னவில்லை. விரல் மடிகிற இடத்தில் ஆழமான சுருக்கம். 'ரெண்டு மார்க்குக்கு ஒண்ணு,' என்று ஸ்கேல் மனசுக்குள் போட்டாள். இவர் கையாலா கம்பு வாங்குவது என்று ஒரு நொடி தோன்றக்கூடச் செய்தது.

அதிகாரி முதல் வரிசையில் அவள் முன்னால் நின்றார். தொப்பியைப் பார்த்தார். தோள் மடிப்பைப் பார்த்தார். பூட்ஸைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நல்லா பளபளன்னு இருக்கு," என்றார்.

"தேங்க் யூ மேடம்!"

கணக்கு சார் பின்னாலேயே வந்தவர், தானே பாலிஷ் போட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். பெல்ட் ஒரு அங்குலம் கீழே இறங்கியது.

அதிகாரி வரிசை வரிசையாகப் போனார். தோசைக்கல் தொப்பியை ஒரு விரலால் சரித்துவிட்டார். தண்டவாளக் கால்சட்டையைப் பார்த்துவிட்டு, "ஈரத் துணி போட்டு இஸ்திரி போடும்மா, பழைய கோடு போயிடும்," என்றார். கடைசி வரிசையின் கடைசி ஆளிடம் வந்ததும் நின்றார். ஸ்கேலுக்குத் திரும்பிப் பார்க்க முடியாது, அட்டென்ஷனில் நிற்கிறாள். காது மட்டும் பின்னால் போனது. போச்சு, படையின் பெயரைக் கெடுக்கப்போகிறது அந்தச் சனியன் என்று பல்லைக் கடித்தாள்.

"உன் கால் அளவு என்ன?"

ஒரு நொடி. "ஆங். அஞ்சு, மேடம்."

"பூட்ஸ் இங்க மடியுது," என்றது அதிகாரியின் குரல். குனிந்திருக்க வேண்டும், குரல் கீழேயிருந்து வந்தது. "மடிய வேண்டிய இடம் இதுக்கு ஒரு அங்குலம் முன்னாடி. மூக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்குது. இது உன் பூட்ஸ் இல்லையே. கழட்டு."

லேஸ் உருவும் சத்தம். பிறகு உள்ளேயிருந்து எதையோ உருவி எடுக்கும் சத்தம்.

"இது என்ன?"

"உள்ள வைக்கிற மெத்தை, மேடம். முன்னாடிக்கு ஒண்ணு, அடியில ஒண்ணு. இல்லைன்னா கால் வெளிய வந்துடும்."

"யார் தைச்சது?"

"நான்தான்."

"வேற பூட்ஸ் கேக்கலையா?"

"கேட்டேன் மேடம். அஞ்சு இல்லைன்னு சொன்னாங்க."

"யாரு?"

இந்தமுறை ஒரு நொடி இல்லை, மூன்று நான்கு நொடி போனது. ஸ்கேலின் முதுகில் கஞ்சி போட்ட சட்டை ஈரமானது.

"ஸ்டோர்ல," என்றாள் தூங்குமூஞ்சி.

அதிகாரி கணக்கு சாரைப் பார்த்திருக்க வேண்டும். அவர் அவசரமாக, "ஸ்டோரை எங்க சீனியர் கேடட்தான் பார்த்துக்கிறா மேடம். ரொம்பப் பொறுப்பான பொண்ணு. நான் எதையும் பார்க்க வேண்டியதே இல்லை," என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன உண்மைகளில் அது முக்கியமானது.

காலடிச் சத்தம் முன்னால் வந்தது. மின்னாத பூட்ஸ் இரண்டும் ஸ்கேலின் கண்ணெதிரே நின்றன.

"அளவு அஞ்சு ஸ்டாக் இல்லையா?"

"இல்ல மேடம்." குரல் அவள் பயந்த அளவுக்கு நடுங்கவில்லை.

"உன் அளவு?"

"அஞ்சு, மேடம்."

"வலது காலைப் பின்னால தூக்கு."

தூக்கினாள். அதிகாரி அவள் பின்னால் போய்ப் பார்த்தார். பத்து மாதத்துப் பாலிஷுக்கு அடியில் இருந்த ரப்பர் அடிப்பாகத்தில் ஒரு கீறல் கிடையாது. கடையில் ஒட்டிய வட்டமான தாள் கூட அப்படியே இருந்தது, அதில் ஐந்து என்ற எண்ணும் தெளிவாக இருந்தது. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்காகவே வாழ்ந்தவளுக்குக் கீழே இருந்து ஒருத்தர் பார்ப்பார் என்று தோன்றவே இல்லை.

"இதைப் போட்டா ஸ்கூலுக்கு நடந்து வந்தே?"

பதில் சொன்னது கணக்கு சார்தான். உதவி செய்கிற ஆர்வத்தில், "இல்ல மேடம், வரும்போது வேற போட்டுட்டு வருவா, பாருங்க, ரொம்ப ஜாக்கிரதையான பொண்ணு!" என்று வராந்தாவுக்கு ஓடி, தலையணை உறையைத் தூக்கிவந்து, எல்லோர் முன்னாலும் கவிழ்த்தார். இரண்டாவது ஜோடி தரையில் விழுந்து உருண்டது. ஐந்தாம் நம்பர். முப்பத்தொரு பேரும் அட்டென்ஷனில் நின்றபடியே கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார்கள். அம்மா இஸ்திரி போட்டு அனுப்பும் அந்தப் பெண்ணின் உதடு மட்டும் ஒரு பக்கமாகக் கோணியது.

"ரெண்டையும் கழட்டு," என்றார் அதிகாரி.

ஸ்கேல் கழற்றினாள். காலுறையோடு மண்ணில் நின்றாள். காலுறையும் அப்பழுக்கில்லாத காலுறைதான். அதில் சிவப்பு மண் ஏறுவதை அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதிகாரி கண்ணாடி பூட்ஸ் ஒன்றைக் கையில் எடுத்தார். மூக்கை ஒரு கையாலும் குதிகாலை ஒரு கையாலும் பிடித்து, கால் நடக்கும்போது மடிகிற மாதிரி ஒரே ஒரு முறை மடக்கினார். 'பட்' என்று ஒரு சத்தம். விரல் மடிகிற இடத்தில் பாலிஷ் பொருக்குப் பொருக்காக வெடித்து, கறுப்புச் செதிலாக மண்ணில் உதிர்ந்தது. பத்து மாத மாலைகள். ஸ்கேலுக்குத் தன் பல்லை யாரோ பிடுங்கிய மாதிரி இருந்தது.

"பத்து அடி நடந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்," என்றார். திட்டவில்லை. கடையில் அழுகிய காயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடைக்குள் போடுகிறவர் மாதிரி அந்த பூட்ஸைப் போட்டுவிட்டார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "வாம்மா இங்க," என்றார்.

தூங்குமூஞ்சி எட்டாம் நம்பர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு வந்தாள்.

"இது ரெண்டுல எது வேணும்?"

தூங்குமூஞ்சி குனிந்து பார்த்தாள். வெடித்த கண்ணாடி ஒரு பக்கம். ஸ்கேல் தினமும் போட்டுத் தேய்த்த ஜோடி ஒரு பக்கம்.

"நடந்ததுதான் வசதி, மேடம்," என்று தேய்ந்ததை எடுத்துக்கொண்டாள். ஸ்கேலின் காலுக்கு மடிந்திருந்த பூட்ஸ் அவள் காலுக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இரண்டு முறை தரையில் தட்டிப் பார்த்தாள். 'டக், டக்.' வருடம் முழுக்கக் கேட்காத சத்தம். அவளே கொஞ்சம் ஆச்சரியப்பட்டு காலைப் பார்த்தாள்.

"நீ அதைப் போட்டுக்கோ," என்றார் அதிகாரி ஸ்கேலிடம், எட்டைக் காட்டி. "இன்னைக்குப் படையை இவ நடத்தட்டும். நீ கடைசி வரிசைக்குப் போ."

மேஜை மேல் இருந்த கறுப்புக் கம்பை எடுத்து அவர் தூங்குமூஞ்சியின் கையில் கொடுத்தார். தூங்குமூஞ்சி ஒரு நொடி தாமதித்து, "ஆங்," என்றாள்.

ஸ்கேல் உட்கார்ந்தாள். எட்டாம் நம்பர் பூட்ஸுக்குள் கை விட்டாள். கந்தலும் காகிதமும் வியர்வை நாற்றமும் இருக்கும் என்று மூக்கைச் சுளிக்கத் தயாராகத்தான் விட்டாள். வந்தது ஒரு சின்ன மெத்தை. பழைய காக்கித் துணி, நாலு மடிப்பு, ஓரம் முழுக்கக் கைத்தையல். தையலுக்குத் தையல் ஒரே இடைவெளி. அளந்து பார்த்தால் மில்லிமீட்டர் தப்பாது என்று ஸ்கேலின் கண்ணுக்கு அளக்காமலே தெரிந்தது. சோப்பு வாசனை வந்தது. அன்று காலையிலோ நேற்று மாலையிலோ துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு உள்ளே வைத்திருக்கிறாள், ஒருவர் கண்ணிலும் படாத ஒரு துணியை. இதற்கு அந்த நீல நோட்டில் பத்து மாதமாகப் பூஜ்யம் விழுந்துகொண்டிருந்தது. ஸ்கேலுக்கு வெட்கம் வந்தது. பிடிபட்டதற்கான வெட்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது, இது வேறு.

மெத்தையைத் திரும்ப வைத்தாள். அவள் கால் அளவும் ஐந்துதான், மெத்தை பொருந்தியது, பூட்ஸ்தான் பொருந்தவில்லை. எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள்.

'சர்ரக். சர்ரக்.'

காலைத் தூக்கித்தான் வைத்தாள். பூட்ஸ் ஒரு நொடி கழித்து வந்தது. குதிகால் உள்ளே ஏறி இறங்கியது. விரலைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் காலோடு வரும், பிடித்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பத்து அடிக்குள் தெரிந்துவிட்டது.

"படை, முன்னால் நட!" என்று குரல் வந்தது. தூங்குமூஞ்சிக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முதல் நேர்க்கோட்டில் படை வழக்கமான வேகத்தில் போனது. இடது, வலது, இடது, வலது. முப்பத்தொரு 'டக்'குக்கு நடுவே ஒரு 'சர்ரக்'. ஸ்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தாள். முதல் திருப்பத்திலேயே முன் ஆளுக்கும் அவளுக்கும் இடையே இரண்டு அடி இடைவெளி விழுந்தது. இப்போது தூங்குமூஞ்சி கத்துவாள் என்று காத்திருந்தாள். 'காலைத் தூக்கி வைக்கத் தெரியாதாடி?' கத்தட்டும். அவளுக்கு உரிமை இருக்கிறது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும், வீட்டுக்குப் போய் அவளை வெறுக்கலாம்.

தூங்குமூஞ்சி திரும்பிப் பார்க்கவில்லை. காதால் கேட்டிருக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாள். பிறகு அவள் குரலில் இடதுக்கும் வலதுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. இடது... வலது... இடது... வலது... மொத்தப் படையும் வேகத்தைக் குறைத்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கணக்கு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி வரிசையில் இருந்த இடைவெளி மெல்ல மெல்ல மூடியது.

எட்டாம் நம்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒருத்தி எவ்வளவு வேகத்தில் நடக்க முடியும் என்பது அந்தப் படையில் தூங்குமூஞ்சி ஒருத்திக்குத்தான் தெரியும். இரண்டாம் சுற்றிலும் அதே வேகம், மூன்றாம் சுற்றிலும் அதே வேகம். ஸ்கேல் ஒரு அடி கூடப் பிந்தவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் முடியவில்லை, அணிவகுப்பில் கையை எடுக்கக் கூடாது.